பூட்டின கதவுக்கு ஒரு பசான்

பெப்ரவரி 24, செவ்வாய்

வெயில். காலை எட்டுக்கே பஸ் ஜன்னல் கம்பி சுட்டது. கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வர ஒன்றேகால் மணித்தியாலம், முழுக்க நின்றபடி. புதுச் செருப்பு கடிக்கிறது.

இன்றைய வேலை: பிறப்புச் சான்றிதழ் 4 (கனடா 3, இத்தாலி 1). விவாகம் 1. மரணம் 1. அதில் தகப்பன் பெயர் சிங்களத்தில் ஒன்று, ஆங்கிலத்தில் இன்னொன்று. திருப்பி அனுப்பினேன். பிழையான தாளுக்கு முத்திரை குத்த நான் ஆள் இல்லை. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் என்று பலகை போட்டிருக்கிறேன், சும்மாவா.

சிவம் அண்ணை மேலே வந்தார். கீழே புத்தகக் கடை அவருடையது, என் அறையும் அவருடையது. பள்ளிப் பிள்ளைகளுக்கு வெளிநாட்டுப் பெரியவர்களின் வாழ்க்கை வரிசை ஒன்று போடுகிறார். எனக்கு விழுந்தவர் சுதந்திரப் போர்க் காலத்து அமெரிக்கர் ஒருவர். அரசியல்வாதி, எழுத்தாளர், இசையமைப்பாளர், மூன்றும் ஒரே மனிதர்.

"யார் அண்ணை இது? கேள்விப்பட்டதே இல்லையே."

"நானும் கேள்விப்படேல்லைத் தங்கச்சி. நல்லதுதானே. ஒருத்தரும் பிழை பிடிக்கமாட்டினம்."

பெயர் நீளம். இந்தக் கொப்பியில் இனி பி.கா. பிலடெல்பியாக்காரர்.

பெப். 26, வியாழன்

பி.கா. குறிப்பு: ஆள் மிகச் சின்னவர். தலை ஒரு பெரிய ஆப்பிளைவிடப் பெரிதில்லை என்று கூட இருந்தவர் ஒருவர் எழுதியிருக்கிறார். பாவம், எத்தனையோ செய்தும் தலையைத்தான் எழுதிவைத்தார்கள். தொழில் சட்டம். பியானோவுக்கு முந்திய ஹார்ப்சிகோர்ட் வாசிப்பார், அதற்குப் பாட்டும் கட்டுவார். சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்து. நாட்டுக்குக் கொடி வரைந்து, கூலியாகக் கொஞ்சம் வைன் கேட்டார். கொடுக்கவில்லை. கடைசியில் கடல் வழக்கு நீதிபதி.

எனக்குப் பிடித்த கதை: எதிரிக் கப்பல்கள் ஆற்றில் நிற்கின்றன. இவருடைய ஆட்கள் வெடிமருந்து நிரப்பிய பீப்பாய்களை நீரில் மிதக்க விட்டார்கள். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் எதிரிப் படை பயந்துபோய், ஆற்றில் மிதந்த கட்டை குப்பை எல்லாவற்றையும் சுட்டுத் தள்ளியது. பி.கா. அதை வைத்து ஒரு பாட்டுக் கட்டினார். ஊரெல்லாம் பாடிச் சிரித்தது. நையாண்டி எழுதினால் சொந்தப் பெயர் போடாதது அவர் வழக்கம்.

வாசித்துச் சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வந்ததும் சிரிப்புப் போய்விட்டது. தோட்டத்துப் பெண் நிரோஷா சாக்கடைக் கானுக்குள் வழுக்கி விழுந்து ஆஸ்பத்திரியில். வயிற்றில் ஏழு மாதம்.

காரணம் எல்லாருக்கும் தெரியும். எங்கள் தோட்டத்தில், ரோட்டுக்குப் பின்னால் ஒட்டி ஒட்டி நிற்கும் அறுபது வீட்டுக்கும் ஒரே பொதுக் கழிப்பறை. பழையதை இடித்து மாநகரசபை மெம்பர் புதிது கட்டினார். டைல்ஸ், ஃபேன், வாசலில் அவர் பெயர் பொறித்த பளிங்கு. ஐந்து மாதமாகப் பூட்டு. பெரிய இடத்திலிருந்து ஒருவர் வந்து நாடா வெட்ட வேண்டுமாம். அதுவரை சனம் வாளியோடு கானைத் தாண்டி அடுத்த தோட்டத்துக்குப் போகிறது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னாராம். எனக்கு வயிறு எரிகிறது. நான் இன்று முன் ரோட்டு ஃப்ளாட்டில் இருக்கலாம். பத்தொன்பது வயது வரை அந்த வரிசையில் நின்றவள் நான்.

பெப். 27, வெள்ளி

பஸ்ஸில் இடம் கிடைத்தது. இறங்குவதற்குள் பாட்டு முடிந்தது. மெட்டை நான் தேடவில்லை. தவக்கால வெள்ளி, வீட்டுக்கு வீடு பசான் படிக்கும் காலம். ஆண்டவரின் பாடுகளை அழுது பாடும் அந்த மெட்டுத்தான் சின்ன வயதிலிருந்து காதில். தோட்டத்தில் தெரியாதவர் இல்லை. முதல் கண்ணி:

"பூட்டின கதவே, பூட்டின கதவே,
பொறுத்தது போதாதோ?
பேரைப் பளிங்கில் பொறித்த கையால்
திறப்பொன்று தாராயோ?"

மாலை பாடகர் குழுப் பயிற்சி முடிந்தபின் செபமாலை மாஸ்டரிடம் கொடுத்தேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், கோயிலில் ஆர்மோனியம். மனைவி ரீட்டா என் வகுப்புக்காரி. மாஸ்டர் வாசித்துக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"யார் எழுதினதுண்டு கேட்டா என்ன சொல்ல, ஜசிந்தா?"

"என்ட பேர மட்டும் சொல்லாதீங்க மாஸ்டர்."

"அப்ப ஆர்மோனியத்துக்கு மேல கிடந்துச்சு. சரிதானே."

இருந்த ஏழெட்டுப் பேருக்கு முன்னால் பாடினார். என்ன குரல் அந்த மனிதருக்கு. ரீட்டா இன்று வரவில்லை, முழங்கால் வலி. யாரோ ஃபோனைத் தூக்கிப் பிடித்திருந்ததைக் கண்டேன். தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், சந்தோஷமாக இருந்தது.

மார்ச் 1, ஞாயிறு

பூசைக்குப் போய் வர மூன்று இடத்தில் என் பாட்டு. மீன்காரன் ஃபோனில், த்ரீவீலில், பாண் கடையில். பாண் கடை முஸ்லிம் அண்ணன் மெட்டுத் தெரியாமலே முணுமுணுக்கிறார். நிரோஷா வீட்டுக்கு வந்துவிட்டாள். மதியம் இறால் குழம்பு, கொஞ்சம் உப்புக் கூட. ஐம்பத்து மூன்று வயதில் இப்படி ஒரு பெருமை. வெட்கமாகவும் இருக்கிறது.

மார்ச் 3, செவ்வாய்

இரண்டு மோட்டார் சைக்கிள் தோட்டத்துக்குள் வந்ததாம். ஹெல்மட் கழற்றவில்லை. "பாடினது யாரு?" ஒருவரும் வாய் திறக்கவில்லை. போகும்போது ஒருவன் நிரோஷா வீட்டு வாளியைக் காலால் தட்டிவிட்டுப் போனான்.

சிவம் அண்ணை பாட்டைக் கேட்டிருக்கிறார். நான்தான் என்று சொன்னேன். அவரிடம் மட்டும். சிரிப்பார் என்று நினைத்தேன்.

"மெம்பரைப் பாடினதுக்கு ஒருத்தரும் உங்களைப் பிடிக்க ஏலாது தங்கச்சி. ஆனா அது வேதப் பாட்டு மெட்டெல்லோ?"

"அதுக்கென்ன?"

"சமயத்தை நிந்திச்சது எண்டு முறைப்பாடு குடுத்தா? அதுக்கு நீதவானாலை பிணை குடுக்க ஏலாது. மேல்கோட்டுக்குப் போகவேணும். மாசக்கணக்கு."

எனக்கு அது ஓடவே இல்லை. மெம்பரை நினைத்தேன், கதவை நினைத்தேன், நிரோஷாவை நினைத்தேன். மெட்டை நினைக்கவில்லை. எங்களுக்கு அது சோறு தண்ணி மாதிரி. அதை எடுத்து வைத்துக் குற்றம் சொல்லலாம் என்று எப்படித் தோன்றும்?

மார்ச் 4, புதன்

காலையில் போகும்போது பார்த்தேன். கழிப்பறைக் கதவில் பூட்டு இல்லை. நாடாவும் இல்லை, விழாவும் இல்லை. கதவு பாதி திறந்து கிடக்கிறது.

மாலை வரும்போதும் அப்படியே. ஒருவரும் உள்ளே போகவில்லை, முதலில் போகிறவர் பாட்டுக்காரர் ஆகிவிடுவார் என்ற பயம். வாளியோடு கானைத் தாண்டித்தான் போகிறார்கள்.

பி.கா. அத்தியாயம் 3, இரண்டு பக்கம். கையே ஓடவில்லை.

மார்ச் 6, வெள்ளி

செபமாலை மாஸ்டரைக் கொண்டு போய்விட்டார்கள்.

மாலை நாலரைக்கு, வீட்டில் வைத்து. முறைப்பாடு மெம்பருடைய பெயரில் இல்லை. யாரோ ஒரு "பக்தர்". புனிதப் பாடல் மெட்டைக் கழிப்பறைக்குப் பாடி மக்களின் மனதைப் புண்படுத்தியது. சிவம் அண்ணை சொன்னது எழுத்துக்கு எழுத்து. குரல் அவருடையது என்பதால் ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. யார் எழுதியது என்று கேட்டார்களாம். ஆர்மோனியத்துக்கு மேல் கிடந்தது என்றாராம்.

ரீட்டா என் வீட்டுக்கு ஓடி வந்தாள். ஒரு காலில் செருப்பு இல்லை.

"எந்த நாய் எழுதிச்சோ, ஜசி, அது நல்லா இருக்காது. அந்தக் கை புழுத்துப் போகும். என்ட மனுசன மாட்டிவிட்டுட்டு எங்கயோ இருந்து பாத்துக்கிட்டு இருக்கு."

நான் டீ ஊற்றிக் கொடுத்தேன். சீனி எத்தனை கரண்டி என்று கேட்டேன். அதைத்தான் கேட்டேன்.

மார்ச் 9, திங்கள்

17ஆம் திகதி வரை விளக்கமறியல். ரீட்டாவோடு பார்க்கப் போனேன். இரண்டு மணித்தியாலம் வரிசை. அவள் சாப்பாட்டுப் பார்சலைக் கொடுக்கப் போன நேரம் மாஸ்டர் கம்பிக்கு அருகில் வந்தார். தாடி வளர்ந்திருக்கிறது, வெள்ளை வெளேரென்று.

"ஜசிந்தா, நீங்க வாய் திறக்காதீங்க. எனக்கு அறுபத்தெட்டு. எனக்கு இனி என்ன போகப் போகுது? உங்களுக்கு லைசன்ஸ் போயிரும்."

"மாஸ்டர், ரீட்டாவுக்காவது சொல்லட்டா?"

"வேணாம். அவ ஊரக் கூட்டிருவா."

இருமினார். பிரஷர் மாத்திரை இன்னும் உள்ளே போகவில்லையாம். நான் தலையாட்டினேன். சரி என்று தலையாட்டினேன். வெளியே வந்ததும் என்மேல் எனக்கே அருவருப்பு. நிம்மதியும்கூட. இரண்டையும் எழுதிவைக்கிறேன்.

பி.கா.: எதிரிப் படை அவர் வீட்டுக்கும் போனது. எரிக்க வந்த தலைவன் உள்ளே புத்தகங்களைப் பார்த்துவிட்டு நெருப்பை அணைக்கச் சொன்னான் என்று ஒரு கதை. பிள்ளைகளுக்கு எழுத நன்றாக இருக்கும். இங்கே மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள் அலுமாரி பார்க்கிறவர்கள் இல்லை.

மார்ச் 11, புதன்

பதினொரு மணிக்கு மாடிப்படியில் சப்பாத்துச் சத்தம். பொலிஸ் சார்ஜன்ட். முடிந்தது என்று நினைத்தேன்.

அவர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்து, ஒரு தாளை நீட்டினார். பாட்டுத்தான். ஃபோனில் கேட்டுக் கேட்டு யாரோ தமிழ்க் கான்ஸ்டபிள் எழுதியிருக்கிறார், வரிக்கு நாலு பிழை. கோர்ட்டுக்குச் சிங்கள மொழிபெயர்ப்பு வேண்டும், சத்தியப்பிரமாண முத்திரையோடு. கோர்ட் மொழிபெயர்ப்பாளர் லீவு. யாரோ என் பலகையைக் காட்டியிருக்கிறார்கள்.

"பொட்டக் இக்மனட, மிஸ்" என்றார். அவசரமாம். பிறகு சிரித்துக்கொண்டு, பாட்டு நல்ல பாட்டாமே என்று சிங்களத்தில் கேட்டார். தெரியாது என்றேன்.

மாட்டேன் என்று சொல்லலாமா? ஏன் என்று கேட்பார். வேறு ஆளிடம் போனால் நக்கல் எல்லாவற்றையும் நாலு மடங்காக்கி எழுதிவிடுவான். என் கையில் இருந்தால் கொஞ்சம் மெதுவாக்கலாம். வாங்கிக்கொண்டேன்.

மதியம் சாப்பிடவில்லை. ஒரு மூச்சில் அடித்து முடித்தேன். பொய்யாக ஒரு சொல்லும் இல்லை. ஆனால் இரண்டு சொல் கிடைக்கும் இடத்தில் மரியாதையான சொல்லை எடுத்தேன். புகார் செய்கிற பாட்டு இல்லை, கெஞ்சுகிற பாட்டு மாதிரி வந்திருக்கிறது. கான்ஸ்டபிளின் கையெழுத்தைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. மனதுக்குள் மெட்டை ஓடவிட்டு அதன் பின்னால் போனேன். கையெழுத்து, திகதி, முத்திரை. மூன்று மணிக்கு வந்து எடுத்துப் போனார்.

நல்ல வேலை செய்திருக்கிறேன். மாஸ்டருக்கு என்னால் முடிந்தது.

மார்ச் 13, வெள்ளி

பி.கா. கடைசி அத்தியாயம். நீதிபதியாக இருந்தபோது அவர்மேலேயே குற்றம் சாட்டி விசாரித்தார்கள். குற்றமற்றவர் என்று விடுவித்தார்கள். பிறகு ஒரு நாள் திடீரென்று வாதம் அடித்து இறந்தார். ஐம்பத்து மூன்று. என் வயது. கணக்கை இரண்டு தரம் போட்டுப் பார்த்தேன்.

தெரியாத நம்பரிலிருந்து மூன்று கோல். எடுத்தால் மூச்சுச் சத்தம் மட்டும். பயிற்சி இல்லை, ஆர்மோனியத்தைத் துணி போட்டு மூடியிருக்கிறது. தோட்டத்தில் இந்த வெள்ளி ஒரு வீட்டிலும் பசான் படிக்கவில்லை. பயம். அறுபது வீடும் டிவியை மெதுவாக வைத்துக்கொண்டு இருக்கிறது. இதுவும் நான் செய்ததுதான்.

மார்ச் 16, திங்கள்

புழுக்கம். மழை வரும் போல் இருந்து வரவில்லை.

ரீட்டா வந்தாள். வெள்ளவத்தைக்கு. இத்தனை வருடத்தில் என் வேலையிடத்துக்கு வந்ததே இல்லை. முழங்கால் வலியோடு படி ஏறி வந்து மூச்சு வாங்க உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. பையிலிருந்து போட்டோ கொப்பி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். லோயர் கோர்ட்டில் எடுத்தது. என் மொழிபெயர்ப்பு. ரீட்டா இருபது வருடம் நுகேகொடையில் சீலைக் கடையில் நின்றவள், சிங்களம் நன்றாக வாசிப்பாள்.

"இது நீ அடிச்சதுதானே?"

"ஓம்."

"பொலிஸ் எழுதின தாள்ல நாலு கண்ணி. ஃபோன்லயும் நாலுதான், நான் எத்தின தரம் கேட்டிருப்பன். நீ அடிச்சதுல அஞ்சு இருக்கு."

தாளைப் பார்த்தேன். இருந்தது. ஐந்தாவது, கீழே, என் முத்திரைக்கு நேர் மேலே.

அது நான் பஸ்ஸில் எழுதியது. மெம்பரின் அம்மாவும் ஒரு காலத்தில் எங்கள் தோட்டத்தில் வாளியோடு அந்த வரிசையில் நின்றவள் என்று வரும். மாஸ்டர் அன்றைக்கே தாளின் அடியை மடித்துவிட்டார். "மனுசன்ட அம்மாவ இழுக்க வேணாம்" என்று சொல்லி, நாலோடு நிறுத்திப் பாடினார். அது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். புதன்கிழமை மெட்டின் பின்னால் போன என் கை, நாலில் நிற்காமல் ஐந்தையும் அடித்திருக்கிறது. உண்மையான மொழிபெயர்ப்பு என்று சத்தியம் செய்து முத்திரையும் குத்தியிருக்கிறேன்.

"லோயர் இன்னும் எண்ணல்ல" என்றாள் ரீட்டா. "நான் எண்ணினன். மனுசன் உள்ளுக்க, எனக்கு வேற என்ன வேல?"

"ரீட்டா, நான் சொல்லத்தான் இருந்தன்..."

"அண்டைக்கு எனக்கு டீ ஊத்தித் தந்த நீ. சீனி எத்தினண்டு கேட்ட."

அவள் சத்தம் போடவில்லை. ஊரைக் கூட்டவில்லை. கீழே சிவம் அண்ணை யாருக்கோ கொப்பிப் புத்தகத்தின் விலை சொல்வது கேட்டது. நான் அழுதேன். அவள் அழவில்லை.

"பிழையா அடிபட்டதுண்டு சொல்லி வேற தாள் குடு. பொலிசுக்கு என்ன தெரியும்? நீ தப்பிருவ. அவர் உன்னச் சொல்ல வேணாம்ண்டு இருந்தா நானும் சொல்ல மாட்டன். நாளைக்குக் கோர்ட்டுக்குப் போக எட்டுக்கு த்ரீவீல் சொல்லியிருக்கன். உன்ட வாசலால தான் போவன்."

கொப்பியை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாள். படி இறங்க வெகுநேரம் எடுத்தது.

சிவம் அண்ணையிடம் கேட்டேன். மறைக்காமல் சொன்னார்.

"நீங்கள் போய்ச் சொன்னா உடனே அவரை விடுவினம் எண்டு இல்லைத் தங்கச்சி. பாடினது அவர்தானே. ரெண்டு பேரையும் உள்ள வைக்கலாம். நான் ஒரு லோயரை அங்க வந்து நிக்கச் சொல்லுறன்."

"போகாம விட்டா?"

"போகாம விட்டா உங்களுக்கு ஒண்டும் வராது. அஞ்சாவதை மெம்பர் வாசிக்கிற வரைக்கும்."

திருத்திய தாளை அடித்தேன். நாலு கண்ணியோடு. பிரின்டரில் வந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். கிழித்தேன்.

மார்ச் 17, செவ்வாய்

காலை 7.40. வானம் மூட்டம். நித்திரை இல்லை.

செய்து முடித்தவை: நீதவானுக்கு ஒரு பக்கக் கடிதம், தமிழிலும் சிங்களத்திலும். ஐந்து கண்ணியும் என்னுடையவை, தாளை மாஸ்டரிடம் கொடுத்தது நான். கனடா சான்றிதழ்கள் மூன்றும் உறையில், சிவம் அண்ணைக்கு. பி.கா. புத்தகம் முடிந்தது, ஒருதரம் பிழை பார்க்க வேண்டும். வேறு யாராவது பார்க்கட்டும். காஸ் சிலிண்டர் மூடியாயிற்று. பூனைக்கு நிரோஷாவிடம் சொல்லியாயிற்று.

பயமாக இருக்கிறது. ஆனால் போகிறேன்.

த்ரீவீல் வந்துவிட்டது. ஹோர்ன் அடிக்கும் என்று பார்த்தேன், ரீட்டாவே இறங்கிப் படியேறி வந்தாள். கதவில் நின்று என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். வாறியா என்று கேட்கவில்லை.

"மாத்து உடுப்பு எடுத்தியா?"

எடுக்கவில்லை. அவளே அலுமாரியைத் திறந்து இரண்டு சட்டை, துவாய், சோப்பு எல்லாவற்றையும் ஷொப்பிங் பையில் போட்டாள். பிறகு கிட்ட வந்து என் சீலைத் தலைப்பில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றினாள். இடுப்பில் இருந்ததையும். கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக. எல்லாவற்றையும் தன் பேர்சில் போட்டுக்கொண்டாள்.

"ஊசி ஒண்டும் உள்ளுக்கு விடமாட்டாங்க" என்றாள்.

வாசலில் நிற்கிறாள். சீலைத் தலைப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன்.